பரபக்கம்: எதிராளியின் குரலைக் காத்தவர்கள்



வஞ்சி மாநகரின் வீதிகளில் ஓர் இளந்துறவி சுற்றி வருகிறார். எதிர்ப்படும் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவர் கேட்பது ஒன்றுதான்: உம் கொள்கை என்ன, சொல்லும். அந்தத் துறவி உண்மையில் மணிமேகலை. மந்திரத்தால் ஆண் வடிவு கொண்டு வந்திருக்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி எனப் பத்துப் பேர் அவளுக்குத் தம் தம் கொள்கையை எடுத்துச் சொல்கிறார்கள். மணிமேகலைக் காப்பியத்தைப் பாடிய சாத்தனார் பௌத்தர். அந்தக் காப்பியமும் பௌத்தத்தைப் பரப்ப எழுந்தது. இருந்தும் மாற்றுச் சமயத்தார் அனைவருக்கும் ஒரு முழுக் காதையை, இருபத்தேழாம் காதையை, ஒதுக்கி வைத்திருக்கிறார்.

வரிசையில் கடைசியாக நிற்பவன் பூதவாதி. கண்ணால் காண்பதே மெய், கருதி அறிவது பொய் என்பது அவன் கட்சி. தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிற பொருள்களையும் கூட்டினால் கள்ளின் வெறி தானே பிறக்கிறது. பூதங்கள் கூடும்போது உணர்வும் அப்படித்தான் பிறக்கிறது, பிரியும்போது அழிகிறது என்கிறான். மறுபிறவி, வினைப்பயன் எல்லாம் அவனுக்குப் பொய். மணிமேகலை நீண்ட மறுப்புரை நிகழ்த்தவில்லை. ஒரே கேள்விதான் கேட்கிறாள்: உன் தாயும் தந்தையும் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்வாறு நீ அறிந்தாய்?

கடவுள் உண்டா, மறுமை உண்டா, வேதம் பிரமாணமா என்ற வழக்கு இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்பதற்கு இந்தக் காட்சி சான்று. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் இதில் உண்டு. பூதவாதி சொல்லும் உவமை வலுவானது. அதை மழுக்காமல் பதிவு செய்தவர் அவனோடு உடன்படாத புலவர். இன்றைய பேச்சின் பொருள் அதுதான். நம்பிக்கைக்கு ஆதரவாகவும் எதிராகவும் எழுந்த வாதங்கள் எவை, அவற்றை யார் காப்பாற்றித் தந்தார்கள் என்பதைச் சற்றே பார்ப்போம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இன்று தமிழில் ஆத்திகர் என்றால் கடவுள் உண்டு என்பவர், நாத்திகர் என்றால் இல்லை என்பவர். பழைய வழக்கு வேறு. பாணினியின் இலக்கணத்துக்கு உரை சொன்னவர்கள் மறுஉலகம் உண்டு என்று கருதுபவனை ஆத்திகன் என்றார்கள். மனுநூல் வேதத்தைப் பழிப்பவனையே நாத்திகன் என்றது. இந்தக் கணக்குப்படி, உலகைப் படைத்த ஈசுவரன் ஒருவன் இல்லை என்று வாதாடிய மீமாம்சகர் ஆத்திகர். சமணரும் பௌத்தரும் மறுபிறவியையும் வினையையும் விடாமல் பற்றியவர்கள். துறவும் நோன்பும் பூண்டவர்கள். படைப்புக் கடவுளையும் வேதத்தையும் மறுத்தவர்கள். அவர்களை மனு வழியினர் நாத்திகர் பட்டியலில் வைத்தார்கள். ஆக, கடவுள் மறுப்பில் பெரும்பகுதி கோயிலுக்கும் மடத்துக்கும் பள்ளிக்கும் உள்ளேயே வளர்ந்தது.

கடவுளை நிறுவ வந்த வாதங்களில் எல்லோருக்கும் தெரிந்தது குயவன் வாதம். பானை ஒரு காரியம். அதைச் செய்தவன் குயவன். உலகமும் ஒரு காரியம். அதற்கும் செய்தவன் ஒருவன் வேண்டும். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிதிலையில் வாழ்ந்த நியாயவாதி உதயணர் இந்த வாதத்துக்குக் கூர்மை ஏற்றியவர். அவருடைய 'நியாயகுசுமாஞ்சலி' ஐந்து பூங்கொத்துகளாகப் பகுக்கப்பட்ட நூல். முதல் நான்கில் எதிர்ப்புகளுக்கு விடை சொல்லிவிட்டு, ஐந்தாவதில்தான் தம் சான்றுகளை அடுக்குகிறார். எல்லாச் சமயத்தாரும் ஏதோ ஒரு பெயரில் வணங்கும் பொருளைப் பற்றி ஐயம் எங்கே, ஆராய்ச்சி எதற்கு என்று அவரே கேட்டுக்கொண்டு, தர்க்கத்தால் ஆராய்வதும் ஒரு வழிபாடே என்று விடை தருகிறார்.

அவரைப் பற்றிப் பண்டிதர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. பூரி கோயிலுக்குப் போனாராம், கதவு சாத்தியிருந்ததாம். செல்வச் செருக்கில் என்னை மதிக்க மறுக்கிறாய், பௌத்தர்கள் வாதுக்கு வந்தால் உன் இருப்பு என் கையில்தான் என்று சாமியையே அதட்டினாராம். கதை நடந்ததோ இல்லையோ, அன்றைய வாதக்களத்தின் சூடு அதில் தெரிகிறது.

தமிழில் இதே வாதத்தின் செறிந்த வடிவம் பதின்மூன்றாம் நூற்றாண்டு மெய்கண்டாரின் சிவஞானபோதம். பன்னிரண்டு சூத்திரங்களே உள்ள சிறு நூல். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவது. ஆகவே தோற்றுவிப்பவன் ஒருவன் உண்டு என்பது முதற்சூத்திரத்தின் வாதம். சைவசித்தாந்திகள் இங்கே ஒரு நுட்பம் செய்தார்கள். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். மாயை மண், சத்தி சக்கரம், சிவன் குயவன். குயவன் மண்ணைப் படைப்பதில்லை. எனவே ஒன்றுமில்லாததிலிருந்து உலகம் எப்படி வந்தது என்ற கேள்வி சித்தாந்தியின் வீட்டுக் கதவைத் தட்டுவதே இல்லை.

ஆனால் குயவனுக்கு முன்பே ஒரு கறையான் புற்று காத்திருந்தது. ஏழாம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி கேட்டார்: பானை மண்ணால் ஆனது, குயவன் செய்தான். புற்றும் மண்ணால் ஆனது; அதையும் குயவன் செய்தான் என்பீர்களா? பானையைக் குயவன் செய்ததை நாம் கண்டிருக்கிறோம், அதனால் வேறொரு பானையைக் கண்டதும் குயவனை நினைக்கிறோம். மலையையோ கடலையோ ஒருவன் செய்ததை யாரும் கண்டதில்லை. இரண்டையும் 'காரியம்' என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் அவை ஒரே வகை ஆகிவிடாது. ஒரு சொல்லின் நீட்சியைப் பொருளின் ஒற்றுமையாகக் கொண்டதுதான் பிழை என்றார் அவர்.

நியாயவாதிகள் சும்மா இருக்கவில்லை. மலையில் புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கிறோம். அடுக்களையில் கண்ட நெருப்பு விறகு நெருப்பு. மலையில் எரிவது காட்டு மூங்கிலாக இருக்கலாம். கண்டதைப் போலவே காணாததும் அச்சாக இருந்தால்தான் அனுமானம் செல்லும் என்றால் உலகில் எந்த அனுமானமும் செல்லாது என்று திருப்பினார்கள். குயவனுக்கு உடல் உண்டே, ஈசுவரனுக்கு உடல் எங்கே என்றால், செய்பவனுக்கு வேண்டியவை அறிவும் விருப்பமும் முயற்சியும்தான்; உயிர் தன் உடலை அசைக்க இன்னோர் உடலைத் தேடுவதில்லையே என்றார்கள். வலுவான விடை. பதினோராம் நூற்றாண்டில் விக்கிரமசீலப் பல்கலைக்கழகத்துப் பௌத்தர் இரத்தினகீர்த்தி இந்த விடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, ஈசுவர சாதனையை மறுப்பதற்கென்றே தனிநூல் எழுத வேண்டியிருந்தது.

இந்த வழக்கில் பலரும் எதிர்பாராத சாட்சி ஒருவர் உண்டு. அவர் ஸ்ரீரங்கத்து இராமானுசர். திருமாலிடம் அவருக்கிருந்த பக்தியை ஐயுற யாராலும் முடியாது. அவரே தம் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், பிரம்மத்தை அறியச் சாத்திரமே வழி என்னும் மூன்றாம் சூத்திரத்துக்கு உரை எழுதும்போது, குயவன் வாதத்தைப் பிரித்துப் போடுகிறார். பெரிய மாளிகைகளையும் தேர்களையும் பலர் சேர்ந்து கட்டுவதையே காண்கிறோம். அப்படியிருக்க உலகத்துக்கு ஒரே கர்த்தா என்பது எப்படி வரும்? உலகம் முழுவதும் ஒரே காலத்தில் உண்டானது என்பதற்குச் சான்று என்ன? நாம் காணும் செய்பவர்கள் எல்லோரும் உடலும் குறையும் உடையவர்கள். அந்த உவமையை நம்பினால் குறையுள்ள ஒருவன்தானே தேறுவான்? தர்க்கம் கொடுக்கும் கடவுள் தாம் வணங்கும் கடவுளுக்கு ஈடாகாது என்பது அவர் கருத்து. கடவுளை அறியச் சாத்திரம் ஒன்றே பிரமாணம் என்று முடிக்கிறார்.

ஐரோப்பாவில் இதே கேள்விகள் எழ அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் எழுதிய இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள், அவர் இறந்து மூன்றாண்டு கழித்து 1779இல் அச்சாயின. அதில் வரும் ஃபிலோ என்ற பாத்திரம், ஒரு கப்பலையோ நகரத்தையோ பலர் கூடிக் கட்டுகிறார்களே, உலகத்தை மட்டும் ஏன் பல தெய்வங்கள் கூடிச் செய்திருக்கக் கூடாது என்று கேட்கிறது. ஹியூம் ஸ்ரீபாஷ்யத்தைப் பார்த்தவர் அல்லர். ஒரே வாதத்தின் ஒரே ஓட்டையை இரண்டு கண்டங்களில் இருவர் கண்டார்கள். ஒருவர் நம்பிக்கையைக் காக்க, மற்றவர் அதை ஐயுற. 1802இல் வில்லியம் பேலி கடிகார உவமையோடு வந்து உருவமைப்பு வாதத்தை மீண்டும் நிமிர்த்தினார். 1859இல் டார்வின், உயிர்களின் உறுப்பமைதிக்கு இயற்கைத் தேர்வு என்ற வேறொரு விளக்கத்தைக் கொடுத்தார்.

குயவன் இருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். அவன் ஏன் பானை செய்தான்? இந்தக் கேள்வியைத் தயவுதாட்சண்யமின்றிக் கேட்டவர் ஏழாம் நூற்றாண்டின் குமாரில பட்டர். அவர் பௌத்தர் அல்லர், பூதவாதியைப் போலக் காட்சியை மட்டும் நம்பிய லோகாயதரும் அல்லர். வேள்வியையும் வேதத்தையும் உயிராகக் கொண்ட மீமாம்சகர். கருணையால் படைத்தான் என்றால், படைப்புக்கு முன் இரங்கத்தக்க உயிர் எது? கருணைதான் காரணம் என்றால் இன்பமான உலகை மட்டும் அல்லவா படைத்திருப்பான்? விளையாட்டாகப் படைத்தான் என்றால் அவனுக்கும் ஏதோ குறை இருந்தது என்று ஆகாதா? பயன் கருதாமல் மூடன்கூட ஒரு செயலில் இறங்குவதில்லையே!

குமாரிலரின் நோக்கம் வேதத்தைக் காப்பது. வேதத்துக்கு ஆசிரியன் உண்டென்றால் அவன் பிழை செய்யவும் கூடும். ஆசிரியனே இல்லாத நூலில் பிழைக்கு இடமில்லை. ஆகவே சாத்திரத்தைக் காக்கக் கடவுளை விட்டுக்கொடுத்தார் அவர். சாத்திரத்தைக் கொண்டே கடவுளைக் காத்தவர் இராமானுசர்.

துன்பம் பற்றிய கேள்விக்கு ஈசுவரவாதிகள் சொன்ன விடை வினை. பிரம்மசூத்திரமே இதை எடுத்துப் பேசுகிறது: ஒருவன் சுகத்திலும் இன்னொருவன் துயரத்திலும் பிறப்பதால் இறைவனுக்குப் பாரபட்சமும் கொடுமையும் ஒட்டுமா? ஒட்டாது, அவன் உயிர்களின் வினையைப் பார்த்தே கொடுக்கிறான் என்பது விடை. சங்கரர் இதற்கு மழையை உவமை காட்டினார். மழை எல்லா வயலுக்கும் பொது. நெல் முளைப்பதும் யவம் முளைப்பதும் விதையின் குணம். முதல் வினை எப்போது வந்தது என்றால், பிறவிச் சங்கிலிக்குத் தொடக்கம் இல்லை என்றார்கள்.

விடை வந்ததும் அடுத்த கேள்வி வந்தது. எல்லாவற்றையும் வினையே செய்யும் என்றால் நடுவில் ஈசுவரன் எதற்கு? செய்த வேள்வி 'அபூர்வம்' என்ற ஆற்றலாய் நின்று பயன் தரும், வேறொருவர் தேவையில்லை என்றது மீமாம்சை. வினை சடம், யாருக்கு எப்போது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது, அறிவுள்ள ஒருவன் கூட்டுவிக்க வேண்டும் என்றது சைவசித்தாந்தம். இந்த இரு தரப்பும் நூற்றாண்டுக் கணக்கில் மோதின. வினைக் கோட்பாட்டால் மண்ணில் என்ன விளைந்தது என்ற கேள்வி அவர்களிடையே அவ்வளவாக எழவில்லை.

அதைப் பிற்காலத்தவர் கேட்டார்கள். வினையை நம்பியவர்களுள்ளேயே முதலில் எழுந்த குரல்களில் ஒன்று வடலூரில் ஒலித்தது. இராமலிங்க அடிகள் 1867இல் அங்கே தருமசாலை நிறுவிப் பசித்தவர்க்குச் சோறிட்டார். பசியால் வாடுபவன் தன் பழவினையால் கடவுள் தந்த தண்டனையை அனுபவிக்கிறான், அதில் நாம் ஏன் குறுக்கிட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவர் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் விடை எழுதினார்: அரசன் குற்றவாளிகளைச் சிறையில் அடைத்தாலும் அவர்களுக்குத் தன் ஏவலரைக் கொண்டு உணவு கொடுக்கிறான் அல்லவா? அம்பேத்கர் இன்னும் கடுமையாக நின்றார். அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், முற்பிறவி வினை என்ற கோட்பாடு ஏழைகளின் நிலைக்கான பொறுப்பிலிருந்து அரசும் சமுதாயமும் தப்பிக்கவே உதவுகிறது என்றார். ஒருவர் கடவுளை விடாதவர். மற்றவர் படைப்புக் கடவுளை ஏற்காதவர். வினையின் பெயரால் பசியையும் தாழ்வையும் நியாயப்படுத்த இருவரும் இடம் தரவில்லை.

மூன்றாவதாக ஒரு வாதம் உண்டு. அதில் நிரூபணம் கிடையாது, கணக்கு மட்டுமே உண்டு. பிரான்சின் கணித மேதை பாஸ்கலின் பந்தயம் புகழ்பெற்றது: கடவுள் உண்டென்று நம்பி வாழ்ந்து, அவர் இருந்துவிட்டால் லாபம் எல்லையற்றது, இல்லாவிட்டால் நஷ்டம் சொற்பம். பாஸ்கல் இறந்தபின் 1670இல் அச்சான குறிப்புகளில் இது இருக்கிறது. ஆனால் பாலி மொழியில் உள்ள அபண்ணக சுத்தத்தில், கோசல நாட்டுச் சாலா என்ற ஊரின் பிராமணர்களிடம் புத்தர் இதற்கு நெருக்கமான கணக்கைப் போடுகிறார். மறுஉலகம் இருந்தால் நல்லொழுக்கம் உடையவனுக்கு இரட்டை வெற்றி. இல்லாவிட்டாலும் இவ்வுலகில் சான்றோர் அவனைப் பாராட்டுவார்கள்.

பாஸ்கலின் பந்தயத்துக்கு எதிர்ப்பு எளியது. எந்தக் கடவுள்மீது பந்தயம் கட்டுவது? தவறான கடவுளை நம்பியதற்கு இன்னொரு கடவுள் கோபித்தால்? லாபத்துக்காக நம்புவது நம்பிக்கைதானா? புத்தரின் கணக்கு இந்த அடிகளிலிருந்து ஓரளவு தப்புகிறது. அதில் எந்தத் தெய்வத்தின் பெயரும் பணயமாக இல்லை, பணயம் ஒழுக்கம். ஆனால் அதே காரணத்தால் அது கடவுளுக்கான வாதமாகவும் ஆவதில்லை.

இவ்வளவு நேரம் பேசப்பட்ட வாதங்கள் நம் கைக்கு வந்த வழியை இனிப் பார்க்கலாம். லோகாயதர்களின் மூலநூல்கள் கிடைக்கவில்லை. அவர்கள் சொன்னவை பெரும்பாலும் அவர்களை மறுத்தவர்களின் ஏடுகளில்தான் இருக்கின்றன. பதினான்காம் நூற்றாண்டு அத்வைதி மாதவர் தம் சர்வதரிசன சங்கிரகத்தைச் சார்வாகர் என்றும் அழைக்கப்பட்ட லோகாயதரிலிருந்துதான் தொடங்குகிறார். புரந்தரர் என்ற லோகாயதர், உலக வழக்கில் அனுமானத்தை ஏற்கலாம், உலகைத் தாண்டிப் போகும்போதுதான் தடுக்க வேண்டும் என்றார். மணிமேகலையின் தாய் தந்தை கேள்விக்கு லோகாயதம் வைத்திருந்த நல்ல விடை இது. இதை நமக்குச் சேமித்துத் தந்தவர் கமலசீலர் என்ற பௌத்தர்.

இன்னொரு சம்பவம். ஏறத்தாழ 800ஆம் ஆண்டில் வாழ்ந்த ஜெயராசி பட்டர், அனுமானம் மட்டுமின்றிக் கண்கூடான காட்சியும் நம்பத்தக்கதல்ல என்று எல்லாப் பிரமாணங்களையும் தலைகீழாக்கி 'தத்துவோபப்லவ சிம்மம்' என்ற நூலை எழுதினார். லோகாயதத்தின் ஆசானாகச் சொல்லப்படும் பிருகஸ்பதிக்கே தோன்றாத கேள்விகளைத் தாம் கேட்டதாக அதில் பெருமைப்படுகிறார். பல நூற்றாண்டுகள் மறைந்திருந்த அந்த நூல் 1926இல் குஜராத்தின் பாடணில், ஓலைச்சுவடியாக, ஒரு சமண ஏட்டுச்சாலையில் கிடைத்தது. 1940இல் பரோடாவில் அச்சாயிற்று. தங்கள் தத்துவத்தையும் தாக்கும் ஏட்டைச் சமணர்கள் பூச்சி அரிக்காமல் வைத்திருந்தார்கள்.

தமிழிலும் இதே கதைதான். பௌத்தக் காப்பியமான குண்டலகேசி அழிந்துவிட்டது; சில செய்யுள்களே மிச்சம். அதற்கு மறுப்பாக எழுந்த சமண நூல் நீலகேசி இருக்கிறது. அதன் தலைவியான பழையனூர்ப் பேய், முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரிடம் அறம் கேட்டு, பின் ஊர் ஊராகச் சென்று பௌத்தரோடும் ஆசீவகரோடும் சாங்கியரோடும் வேதவாதியோடும் பூதவாதியோடும் வாது செய்கிறது. சமய திவாகர வாமன முனிவர் அதற்கு எழுதிய உரை, சக்கரவர்த்தி நயினார் 1936இல் வெளியிட்ட பதிப்பால் பரவலாகக் கிடைத்தது. காப்பியத் தலைவி குண்டலகேசி என்ன வாதிட்டாள் என்பதை இன்று அவளை வென்றதாகச் சொல்லும் நூலிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம்.

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் இதை ஒரு முறையாகவே ஆக்கினார். அவருடைய சிவஞானசித்தியாரின் முதற்பகுதி பரபக்கம், இரண்டாம் பகுதி சுபக்கம். பிறர் கட்சி முன்னே, தன் கட்சி பின்னே. லோகாயதம், பௌத்தத்தின் நான்கு பிரிவுகள், சமணம், ஆசீவகம், இருவகை மீமாம்சை, மாயாவாதம், சாங்கியம், பாஞ்சராத்திரம் முதலான பதினான்கு மதங்களையும் ஒவ்வொன்றாக முதலில் அவற்றின் வாயால் பேசவிட்டு, பிறகே மறுக்கிறார். தொடங்குவது லோகாயதத்திலிருந்து.

இதை வைத்து அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டாம். பரபக்கம் எழுதியவர்கள் நீதிபதிகள் அல்லர், வழக்காடிகள். எதிராளிக்குச் சிரிப்பூட்டும் வரிகளைத் தந்தவர்களும் உண்டு. வாதில் தோற்ற சமணர் கழுவேறினர் என்று பெருமையோடு சொல்லும் மரபும் இதே தமிழில்தான் உண்டு. வாதசபையில் இடம் பெறாத சாதியாரும் பெண்களும் கோடிக்கணக்கானோர். மணிமேகலைக்கே ஆண் வேடம் தேவைப்பட்டது.

சபையின் கதவு அகலத் திறந்தது அச்சு வந்தபின். 1882 முதல் 1888 வரை சென்னையில் 'தத்துவ விவேசினி' என்ற நாத்திக வார இதழ் வெளிவந்தது. சென்னை லௌகிக சங்கத்தார் நடத்தியது. பெரியாரின் குடி அரசு தொடங்கியது 1925இல்தான். பகத்சிங் 1930இல் லாகூர்ச் சிறையில் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையைப் பின்னர் ப. ஜீவானந்தம் தமிழாக்கினார். குமாரிலர் பண்டிதர்களிடம் கேட்ட கேள்வி, இப்போது திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் கேட்கப்பட்டது.

இன்றும் கேட்கப்படுகிறது. ஆனால் இரு தரப்பாரும் பரபக்கத்தை விட்டுவிட்டார்கள். சித்தியாரைக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் சுபக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பகுத்தறிவாளர் மேடையில் உதயணரின் பெயர் எழுவது அபூர்வம். ஆன்மிக மேடையில் தர்மகீர்த்தியின் பெயரும் அப்படியே. எளிய எதிராளி ஒருவனைத் தாமே செய்து நிறுத்தி, அவனை வீழ்த்தி, கைதட்டல் வாங்குவது இரு பக்கத்திலும் நடக்கிறது.

ஆகவே அவையோரிடம் ஒரு வேண்டுகோள். கடவுளை நம்புகிறவர்கள் பரபக்கத்தின் லோகாயதப் பகுதியை ஒருமுறை உரையோடு படியுங்கள். நம்பாதவர்கள் சிவஞானபோதத்தின் முதற்சூத்திரத்தை உரையோடு படியுங்கள். படித்ததை எதிர்க்கட்சிக்காரர் ஒருவரிடம், அவரே ஆம் என்று ஒப்பும்படி எடுத்துச் சொல்லிப் பாருங்கள். மறுப்பு அதற்குப் பிறகு இருக்கட்டும். அவ்வளவு தூரம் போக நேரமில்லை என்றால் மணிமேகலையின் இருபத்தேழாம் காதை இருக்கிறது. ஊர் நூலகத்திலேயே கிடைக்கும். படித்து முடிக்க ஒரு மாலை போதும்.